மூணு வருஷத்துல ஒரு பொண்ண ஓட்டக்காரி ஆக்க முடியுமா? காலேஜ் பி.டி. ஒருத்தங்க கேட்ட கேள்வி

கேள்வி: 7 ஜூலை 2024

"பெண்கள் காலேஜ் ஒண்ணுல பி.டி.யா சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. அத்லெட்டிக்ஸ் டீம்னு பதினொரு பேர் இருக்காங்க, ஸ்கூல்ல ஓடின பழக்கம் இருக்கறவங்க அதுல ரெண்டே பேர். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல வளந்த பொண்ணுங்கள மத்த காலேஜ்காரங்க கோட்டாவுல எடுத்துக்கறாங்க. பதினெட்டு வயசுக்கு மேல புதுசா ஒருத்திய ஓட வைக்கிறது வீண் வேலை, ஓடக் கத்துக்கறதுக்குள்ள டிகிரி முடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு எங்க ஸ்டாஃப் ரூம்லயே சொல்றாங்க. நிஜமாவே வீணா?"

7 ஜூலை 2024, இரவு

வீண் இல்லம்மா. நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பெண்கள் காலேஜ்ல பத்தொன்பது வருஷமா பி.டி.யா இருக்கேன், அதுக்கு முன்னாடி நானே 400 மீட்டர் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டற ஓட்டம், ஓடினவ. பதினெட்டு வயசுல ஆரம்பிச்சா லேட்டுன்னு சொல்றவங்ககிட்ட மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணிய சொல்லுங்க. அப்பா அம்மா இல்லாம பாட்டி வளர்த்த பொண்ணு, கோச் கண்ணன் சார் கண்ணுல பட்டதே பிளஸ் டூ படிக்கும்போதுதான், அப்புறம் மதுரை லேடி டோக் காலேஜ்ல படிச்சுக்கிட்டே வெறுங்கால்ல ஓடினவங்க, 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல ஆணும் பெண்ணும் சேந்து ஓடற 4x400 கலப்பு ரிலே ஓடிட்டாங்க.

ஆனா ஒலிம்பிக்க வச்சு நம்ம வேலைய அளக்க வேண்டாம். 400 மீட்டர 84 செகண்டுல மூச்சு வாங்கி வந்து விழுந்த பொண்ணு மூணாவது வருஷம் 65ல வந்து நின்னு தண்ணி கேட்டிருக்கா என்கிட்ட. அவ மெடல் வாங்கல, நாலாவது வந்தா. அந்த மூணு வருஷத்த வீண்னு நான் யாரையும் சொல்ல விடமாட்டேன்.

9 ஜூலை

ஆள் தேடறத பத்தி கேட்டிருக்கீங்க. நோட்டீஸ் போர்டுல "ஆர்வமுள்ள மாணவிகள் பெயர் கொடுக்கவும்"னு ஒட்டினா யாரும் வரமாட்டாங்க, வர்றவங்களும் கிளாஸ்ல இல்லாமலே அட்டெண்டன்ஸ் போடற ஓ.டி. கிடைக்கும்னு வர்றவங்கதான். சாயங்காலம் காலேஜ் விடற நேரம் கேட்ல நில்லுங்க. எங்க ஊர்ல நாலு இருபதுக்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டா அஞ்சே காலுக்குத்தான். அந்த பஸ்ஸுக்கு ஓடறவங்கள பாருங்க. புடவையோ சுடிதாரோ, பேக்கோ டிபன் கூடையோ, எதுவா இருந்தாலும் சிலபேர் ஓடறப்ப தோள் ஆடாது, தலை நேரா இருக்கும், கால் தரையில படற சத்தமே வராது. அப்படி கேட்ல நின்னு ரெண்டு 200 மீட்டர் பொண்ணுங்கள நான் பிடிச்சிருக்கேன். ஒருத்தி பி.காம்., இன்னொருத்தி தமிழ் இலக்கியம்.

ஈட்டி எறியற ஜாவலினுக்கு வேற மாதிரி பாக்கணும். ஆடு மேய்ச்ச வீட்டுப் பொண்ணுங்கள கேளுங்க. விலகிப் போற ஆட்ட திருப்ப அதுக்கு முன்னாடி போய் விழற மாதிரி கல் விட்டெறிஞ்சு பழகியிருப்பாங்க. எங்க ஜாவலின் பொண்ணு முத நாள் ஒரு கல்ல எடுத்து எறிஞ்சா, முழங்கை காதுக்கு மேல போய் சாட்டை மாதிரி வந்துச்சு. அத கத்துக் கொடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

10 ஜூலை

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். முத ரெண்டு வாரம் ஸ்டாப்வாட்ச எடுக்காதீங்க. முத நாளே டைம் சொன்னா அந்த நம்பர் அவ மனசுல உக்காந்துக்கும், "எனக்கு 18 செகண்டு மேம், நான் அவ்ளோதான்"னு மறுநாள் வரமாட்டா.

14 ஜூலை

ரிலேயில ஆரம்பிங்க. புதுசா வந்த பொண்ணுக்கு தனியா ஓடப் பயம், நாலு பேரா நின்னா பயம் பாதி குறையும். டீம்ங்கற பாசமும் அங்கதான் வருது. எங்க ஹாஸ்டல் பொண்ணுங்க ராத்திரி சாப்பிட்டு முடிச்சு வராண்டாவுல வரிசையா நின்னு, ரிலேயில கைமாத்தற குச்சி இருக்கே, அந்த பேட்டன மாத்துவாங்க. பேட்டன் ஆபீஸ் ரூம்ல பூட்டியிருக்கும், அதனால மெஸ்ஸுல சப்பாத்திக் கட்டைய வாங்கிக்குவாங்க. பின்னாடி நிக்கறவ "கை"ன்னு சத்தம் போட்டதும் முன்னாடி இருக்கறவ திரும்பிப் பாக்காம கைய நீட்டணும், அவ்வளவுதான் விளையாட்டு. வாரக் கணக்குல இப்படி மாத்தி மாத்தி, சத்தம் கேட்டா தூக்கத்துல கூட கை பின்னாடி போகும்.

4x100ல பேட்டன் மாத்தற ஜோன் 20 மீட்டர், அதுக்கு முன்னாடி 10 மீட்டர் ஓடி வேகம் எடுக்கலாம்.

15 ஜூலை

கரூர்ல இருந்து ஒரு சார் திருத்தியிருக்கார், சரிதான். நான் சொன்னது பழைய ரூல். 20 பிளஸ் 10ங்கற பிரிவு போய் பல வருஷம் ஆச்சு, இப்ப 4x100க்கு 30 மீட்டரும் ஒரே ஜோன், எங்க வேணா மாத்தலாம். 4x400க்கு மட்டும் 20தான். ரூல் எனக்குத் தெரியும், கை பழசையே எழுதிருச்சு, நான் ஓடின காலத்துல அந்த மஞ்சக் கோட்ட அவ்வளவு தடவ பாத்திருக்கேன்.

இதுல ஒரு லாபம் இருக்கு. அடுத்து ஓடப் போறவ இப்ப முழு வேகம் எடுத்த பிறகு பேட்டன் வாங்க இடம் இருக்கு. ஆனா புதுப் பொண்ணுங்களுக்கு நான் ஜோன் நடுவுக்குள்ளயே மாத்தச் சொல்றேன், கடைசி 5 மீட்டர நம்பினா படபடப்புல தாண்டிருவாங்க. பின்னாடி வர்றவ எந்த இடத்த தாண்டினதும் முன்னாடி நிக்கறவ ஓட ஆரம்பிக்கணும்னு காட்டற செக் மார்க்க அவங்க பாதத்தாலயே அளந்து வைக்கட்டும், முதல்ல 18 பாதம், அப்புறம் வேகம் கூடக் கூட தள்ளிக்கலாம்.

21 ஜூலை

இன்னைக்கு ஞாயிறு, கொஞ்சம் நீளமா எழுதறேன். நீங்க கேட்காத கேள்வி, ஆனா ஆறாவது மாசத்துக்கு மேல இதுதான் உங்க வேலையில முக்காவாசி இருக்கும்.

பர்மிஷன். அப்பாகிட்ட போன்ல பேசினா "சரிங்க மேடம்"னு சொல்லிட்டு பொண்ண அனுப்பமாட்டார். வீட்டுக்குப் போங்க. போனா அம்மாச்சி, அப்பத்தா யார் இருக்காங்களோ அவங்க பக்கத்துல உக்காருங்க. வேடசந்தூர் பக்கம் ஒரு வீட்டுல அப்பத்தா என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி தங்குற எடத்துல நீயும் கூடப் படுப்பியா?" படுப்பேன் ஆத்தான்னு சொன்னேன். அந்த வார்த்தைக்காக பத்தொன்பது வருஷமா எந்த வெளியூர் மீட்டுக்குப் போனாலும் தரையில பாய் விரிச்சு பொண்ணுங்க நடுவுலதான் படுக்கறேன், தனி ரூம் கொடுத்தாலும் வேண்டாம்னுடுவேன்.

உடுப்பு. ஷார்ட்ஸ் போடச் சொல்லி முத நாளே வற்புறுத்தாதீங்க. டிராக் பேன்ட்ல ஓடட்டும். கூட ஓடற சீனியர் டைட்ஸ் போட்டு ஓடறத பாத்து ரெண்டு மாசத்துல அவளே கேப்பா. ஸ்போர்ட்ஸ் பிரா மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ரெண்டு உள்ளாடைய ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, மூச்சு இழுக்க முடியாம ஓடற பொண்ணுங்கள பாத்திருக்கேன், வெக்கத்துல கேக்கமாட்டாங்க. நான் கேம்ஸ் ஃபண்டுல "உடற்பயிற்சி உடை"ன்னு எழுதி வாங்கிருவேன். ஆடிட்ல ஒருத்தர் கேட்டார், விளக்கமா சொன்னேன், அப்புறம் யாரும் கேக்கல.

சாப்பாடு. காலைல ஆறு மணி பிராக்டிஸுக்கு வர்ற பொண்ணு வீட்டுல அஞ்சு மணிக்குக் கிளம்பியிருப்பா, வயித்துல ஒண்ணும் இருக்காது. முந்தின நாள் ராத்திரியும் சரியா சாப்பிட்டிருக்கமாட்டா, கடைசியா சாப்பிடறவங்க வீட்டுப் பொண்ணுங்கதான். நான் ஒரு டப்பாவுல வேகவச்ச கடலையும் வாழைப்பழமும் கொண்டு போறேன், பிராக்டிஸ் முன்னாடி பாதி, முடிச்சு பாதி. முடிச்ச பிறகு முட்டை.

மாசவிலக்கு. ஒரு நோட்டு போடுங்க. பேருக்கு எதிர்ல தேதி மட்டும், அவங்களே எழுதிக்கட்டும். "மூணு மாசமா வரல மேம், நல்லதாப் போச்சு, மீட் டைம்ல தொந்தரவு இல்ல"ன்னு ஒருத்தி சொன்னா சந்தோஷப்படாதீங்க, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ஓடறதுக்குத் தகுந்த சாப்பாடு இல்லாதப்ப உடம்பு முதல்ல நிறுத்தற வேலை இதுதான், அடுத்து எலும்பு வலுவிழக்கும், கணுக்காலுக்கு மேல முன்னங்கால் எலும்புல ஒரு விரல் வச்சா வலிக்கற மாதிரி கீறல் விடும்.

ரத்தம். வருஷ ஆரம்பத்துல எல்லாருக்கும் ஹீமோகுளோபின் பாருங்க, ஜி.எச்.ல இலவசம்தான். பெண்களுக்கு 12க்குக் கீழ போனா ரத்தசோகைன்னு கணக்கு. நம்ம நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல பாதிக்கு மேல அப்படித்தான் இருக்காங்கன்னு தேசிய குடும்ப நல சர்வேயே சொல்லுது. உங்க பதினொரு பேர்லயும் அந்தக் கணக்கு வரும். டாக்டர் எழுதிக் கொடுத்தா மாத்திரைய டீயோட போடாம இருக்காங்களான்னு நீங்கதான் பாக்கணும், டீ இரும்புச் சத்த உடம்புல ஏறவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ நல்லது.

இதையெல்லாம் நான் படிச்சுத் தெரிஞ்சுக்கல. என் மூணாவது வருஷம், 1500ல கடைசி சுத்துல ஒரு பொண்ணு தள்ளாடினா, "விடாத, விடாத"ன்னு வெளிய இருந்து கத்தினேன். விழுந்தா. ஆஸ்பத்திரில பாத்தா ஹீமோகுளோபின் 7.6. சோம்பேறின்னு அவள ரெண்டு மாசமா திட்டிக்கிட்டு இருந்தவ நான்.

22 ஜூலை

"இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஷீல்டு இல்லன்னா மேனேஜ்மென்ட் அடுத்த வருஷம் பணம் ஒதுக்காது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நியாயமான பேச்சு. அதுக்கு நான் என் கதைதான் சொல்லணும், இத இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

ஒரு வருஷம் இன்டர்காலேஜ் மீட்ல நாங்க ஜெயிக்கற நிலைமையில இருந்தோம். எங்ககிட்ட ஒரு பொண்ணு இருந்தா, 400தான் அவ ஈவென்ட். நிலக்கோட்டை பக்கம் பூ பறிக்கற வீடு, அவளும் விடிகாலைல பூ பறிச்சுட்டுத்தான் காலேஜ் வருவா, விரல் நுனியெல்லாம் மல்லிக் காம்புக் கறை. அவள 200, 400, 800 மூணுலயும் போட்டேன், எங்க மீட் ரூல்படி ஒருத்திக்கு மூணு தனி ஈவென்ட் வரைக்கும் போகலாம், ரிலே தனி. ரெண்டு ரிலேயும் போட்டேன். ஹீட்ஸ்ங்கற முதல் சுத்தும் ஃபைனலும் சேத்து ரெண்டு நாள்ல எட்டு ஓட்டம். ரெண்டாவது நாள் மத்தியானம் 200 முடிச்சு வந்தப்ப தொடைக்குப் பின்னாடி கைய வச்சு அமுக்கிக்கிட்டே நடந்தா. "இழுக்குதா"ன்னேன். "கொஞ்சம் மேம்"னா. ஸ்பிரே அடிச்சேன். போர்டுல பாயிண்ட்ஸ பாத்தேன். 4x400 ஜெயிச்சா ஷீல்டு எங்களுக்கு.

ரிலேயில மூணாவது ஆளா ஓடினா. 250 மீட்டர்ல யாரோ பின்னாடி இருந்து கல்லால அடிச்ச மாதிரி துள்ளினா, அப்புறமும் நிக்கல, நொண்டிக்கிட்டே வந்து பேட்டன கொடுத்துட்டு விழுந்தா. கடைசிப் பொண்ணு ரெண்டு பேர தாண்டி ஜெயிச்சுட்டா. ஷீல்டு வந்துச்சு, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. போட்டோவுல அவ இல்ல, ஆட்டோல ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டு இருந்தா.

தசை கிழிஞ்சது ஆறு மாசத்துல ஆறிருச்சு. ஆனா கால் இழுத்துக்கிட்டு பூ பறிக்கப் போக முடியாம ஒரு சீசனே வீட்டுல வருமானம் போச்சு, "ஓட்டமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்"னு அவங்க அப்பா சொல்லிட்டார். அவ திரும்ப கிரவுண்டுக்கு வரல. ரயில்வே செலக்ஷன் டிரையல்ஸுக்கு அனுப்பலாம்னு நான் நெனச்சு வச்சிருந்த பொண்ணு.

அந்த ஷீல்டு இப்பவும் எங்க ஆபீஸ் அலமாரியில இருக்கு. மூணு பாயிண்ட் வித்தியாசம்.

23 ஜூலை

நேத்து எழுதினத காலைல படிச்சுப் பாத்தேன். ஷீல்டே வேண்டாம்னு சொல்றேன்னு ஆயிடுச்சு, அப்படி இல்ல. அதுக்கப்புறமும் நாங்க ரெண்டு தடவ ஷீல்டு வாங்கியிருக்கோம், வேற வழியில.

வழி இதுதான்: எல்லாக் காலேஜும் 100, 200, 400ல முட்டி மோதும். டிரிபிள் ஜம்ப் (மும்முறைத் தாண்டல்), ஹேமர் (சங்கிலிக் குண்டு எறியறது), நடைப் போட்டி, 3000 ஸ்டீபிள்சேஸ் (தடையும் தண்ணிக் குழியும் தாண்டற ஓட்டம்), ஹெப்டத்லான் (ஏழு போட்டி சேந்தது) பக்கம் ஆள் குறைவா இருக்கும். பொண்ணுங்களால முடியாதுன்னு ஒலிம்பிக்லயே இதெல்லாம் ரொம்ப லேட்டாத்தான் விட்டாங்க. 1928ல 800 மீட்டர் வச்சுட்டு, ஓடி முடிச்சவங்க களைச்சுப் போயிட்டாங்கன்னு சொல்லி எடுத்துட்டாங்க, திரும்ப வந்தது 1960லதான். டிரிபிள் ஜம்ப் 1996, ஹேமர் 2000, ஸ்டீபிள்சேஸ் 2008. அந்தத் தயக்கம் நம்ம ஊர் காலேஜ்கள்ல இன்னமும் மிச்சம் இருக்கு. நீங்க தயங்காதீங்க. பதினொரு பேருக்கும் பதினொரு ஈவென்ட் பிரிச்சுக் கொடுங்க, ஆளுக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. மூணாவது இடத்துக்கு ஒரு பாயிண்ட்னாலும் பத்துப் பேர் கொண்டு வந்தா பத்து.

கோல் ஊன்றித் தாண்டற போல்வால்ட் மட்டும் சரியான மெத்தை இல்லாம தொடாதீங்க. வைக்கோல் போட்டுக்கலாம், மணல் போட்டுக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

9 ஆகஸ்ட்

இன்னைக்கு மத்தியானம் என் ரூம்ல பதிமூணு பேர், ஒரு போன். பாரிஸ் ஒலிம்பிக்ல பெண்கள் 4x400 ஹீட்ஸ். கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜும் திருச்சி சுபா வெங்கடேசனும் ஓடறாங்க, நாலு பேர்ல ரெண்டு பேர் நம்ம ஊர்க்காரங்க. ஃபைனல் கிடைக்கல. ஆனா முடிஞ்சதும் எங்க ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு கேட்டா, "மேம், அவங்களும் மண் டிராக்லதான் ஆரம்பிச்சிருப்பாங்களா?" அவ அதுக்கு முன்னாடி என்கிட்ட வாய தொறந்து கேள்வி கேட்டதே இல்ல.

11 ஆகஸ்ட்

வித்யாவ பத்தி ஆரம்பிச்சதால ஹர்டில்ஸுக்கு வந்துடறேன், இது என் சொந்த ஈவென்ட்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல பி.டி.உஷா 55.42ல வந்து நாலாவது. வெண்கலம் 55.41. செகண்டுல நூத்துல ஒரு பங்கு. அந்த 55.42 முப்பத்தொம்பது வருஷம் நம்ம நாட்டு ரெக்கார்டா நின்னுச்சு. 2023ல ஹாங்சோ ஏசியன் கேம்ஸ் ஹீட்ஸ்ல வித்யா ஓடினது அச்சு அசலா அதே 55.42. மறுநாள் ஃபைனல்ல 55.68, வெண்கலம். அந்த ஹீட்ஸ் டைம பாத்தப்ப எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஏன்னு வீட்டுல யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியல.

இப்ப கிரவுண்டுக்கு வருவோம். பெண்கள் 400 ஹர்டில்ஸ் உயரம் 76.2 சென்டிமீட்டர், பத்து ஹர்டில், முதலாவது 45 மீட்டர்ல, அப்புறம் 35 மீட்டருக்கு ஒண்ணு, கடைசில 40 மீட்டர் ஓட்டம். உயரம் பெரிய விஷயமே இல்ல, வயல் வரப்பு தாண்டின கால் தாண்டிரும். கஷ்டம் நடுவுல இருக்கற 35 மீட்டர்லதான். எத்தன எட்டு வச்சுப் போறாங்கறதுதான் ஓட்டமே. பெரிய ஓட்டக்காரங்க 15 எட்டுல போவாங்க. நம்ம புதுப் பொண்ணுங்களுக்கு 17 சரியா வரும், ஒத்தப்பட எண்ணிக்கையா இருந்தாத்தான் ஒவ்வொரு தடவையும் ஒரே கால் முன்னாடி போகும். வளைவுல இடது கால் முன்னாடி போனா உள்பக்கக் கோட்ட ஒட்டியே ஓடலாம், பின்னாடி வர்ற கால் ஹர்டிலுக்கு வெளிய போய் ஃபவுல் ஆகற பயமும் கிடையாது.

எண்ணறதுக்கு நான் கண்ண மூடிக்குவேன். மண் டிராக்ல காலடிச் சத்தம் நல்லாக் கேக்கும். தப் தப்னு ஒரே சீரா வந்துக்கிட்டே இருந்து ஹர்டில் கிட்ட வர்றப்ப தப்-தப்-தப்னு பொடிசா விழுந்தா, அவ பயந்து எட்ட சுருக்கறா. தப்பு அந்த ஹர்டில்ல இருக்காது, அதுக்கு முந்தின ஹர்டில தாண்டி இறங்கின இடத்துல இருக்கும், இறங்கினதும் ஒரு நொடி நின்னுருப்பா. எங்ககிட்ட ஆசாரிகிட்ட சொல்லிச் செஞ்ச மர ஹர்டில் ஆறுதான் இருக்கு, பத்து கிடையாது. ஆறு போதும்.

25 ஆகஸ்ட்

இன்னைக்கு கோவமா எழுதறேன். நேத்து ஒரு மீட்ல எங்க ஷாட்புட் பொண்ணு சர்க்கிள்ல நிக்கறப்ப வேலி பக்கம் இருந்து ஒரு கும்பல் "ஆம்பள ஆம்பள"ன்னு கத்துச்சு. பொண்ணுங்களும் அந்தக் கும்பல்ல இருந்தாங்க. அவ முடிய ஒட்ட வெட்டியிருப்பா, தோள் அகலம், அவ்வளவுதான் காரணம்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன யாரும் மறந்துடக் கூடாது. செங்கல் சூளை வேலை செஞ்ச வீட்டுப் பொண்ணு, 2006 தோஹா ஏசியன் கேம்ஸ்ல 800 மீட்டர் வெள்ளி. அப்புறம் பாலினச் சோதனைன்னு ஒண்ண வச்சு மெடல பிடுங்கினாங்க, டிவியில ஊரறியப் பேசினாங்க. அந்தப் பொண்ணு உடம்ப பத்தி டீக்கடைல பேசினாங்க நம்ம ஊர்ல. எவ்வளவு பட்டிருப்பாங்க. அதையும் தாண்டி வந்து கோச்சா நின்னு பிள்ளைங்களுக்கு கத்துக் கொடுத்தாங்க.

நான் அந்தக் கும்பல்கிட்ட போகல. எங்க டீம் பொண்ணுங்க எல்லாரையும் கூப்பிட்டு ஷாட்புட் சர்க்கிளச் சுத்தி வேலிக்கு முதுக காட்டி நிக்க வச்சேன். அடுத்த மூணு எறிதலும் அவ எங்க முகத்த மட்டும் பாத்து எறிஞ்சா. கூட வந்த மத்த காலேஜ் பி.டி.ங்ககிட்டயும் கேக்கறேன், உங்க பொண்ணுங்க வாய்ல இருந்து அந்த வார்த்தை வந்தா அன்னைக்கே பஸ் ஏத்தி வீட்டுக்கு அனுப்புங்க.

26 ஆகஸ்ட்

நேத்து கேட்டவங்களுக்கு: ஆமா, இன்னைக்கு காலைல அவ பிராக்டிஸுக்கு வந்துட்டா. சீக்கிரமே வந்து சர்க்கிள கூட்டிக்கிட்டு இருந்தா.

8 செப்டம்பர்

நீங்க உங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேல 100 மீட்டர் 12.9 வந்துச்சு, ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துல எலக்ட்ரானிக் டைமிங்ல 13.4 வந்து பொண்ணு அழுதான்னு எழுதியிருக்கீங்க. அவ மெதுவா ஓடல, அத முதல்ல அவகிட்ட சொல்லுங்க. கையால அமுக்கற வாட்ச்ல ஓட்டம் ஆரம்பிக்கறப்ப விரல் லேட்டாத்தான் அமுங்கும், டைம் குறைவா காட்டும், அதனால 100, 200க்கு கை டைமோட 0.24 கூட்டித்தான் எலக்ட்ரானிக்கோட ஒப்பிடறது வழக்கம். அதுக்கும் மேல வித்தியாசம் வந்தா டைம் கீப்பர் துப்பாக்கிச் சத்தம் கேட்டு அமுக்கியிருப்பார். புகைய பாத்து அமுக்கணும். சத்தம் 100 மீட்டர் தாண்டி வர்றதுக்குள்ள செகண்டுல கால் பங்குக்கு மேல போயிருது. ரெண்டையும் கூட்டிப் பாருங்க, உங்க பொண்ணு அழ வேண்டிய அவசியமே இல்ல.

15 செப்டம்பர்

டிராக் போட சுண்ணாம்பு வாங்கிட்டேன், லேன் அளவு சொல்லுங்கன்னு கேட்டீங்க. லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு முழுச் சுத்துக்கு ரெண்டாவது லேன்காரிக்கு 7.04 மீட்டர் முன்னாடி தள்ளி கோடு போடணும், அதுக்கடுத்த ஒவ்வொரு லேனுக்கும் 7.67 கூட்டிக்கிட்டே போங்க. ஹர்டில் வைக்க 35 மீட்டர் நைலான் கயிறு ஒண்ணு முடிச்சுப் போட்டு வச்சுக்கங்க, ஒவ்வொரு தடவையும் டேப் தேட வேண்டாம்.

16 செப்டம்பர்

ரெண்டு திருத்தம். ஒண்ணு, 7.04ங்கறது உள்பக்கம் கட்டை வச்ச டிராக்குக்கு. அங்க முத லேன கட்டைல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கறோம், மத்த லேன்கள கோட்டுல இருந்து 20. உங்க மண் கிரவுண்டுல கட்டை கிடையாது, வெறும் சுண்ணாம்புக் கோடு, அப்ப முத லேனுக்கும் 20தான், அதனால ரெண்டாவது லேனுக்கும் 7.67தான் வரும். கரூர் சார்தான் மறுபடியும் பிடிச்சார், அவருக்கு என் நன்றி.

ரெண்டாவது என் தப்பு, யாரும் சொல்லல. நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும். எங்க கயிற இன்னைக்கு டேப் வச்சுப் பாத்தேன், 35.6 இருந்துச்சு. ஹர்டிலுக்கு ஹர்டில் அறுபது சென்டிமீட்டர் அதிகம், பாவம் எங்க பொண்ணுங்க 17 எட்டு வராம போன மாசம் முழுக்க திணறினதுக்கு அதுதான் காரணமா இருக்கும், நான் கண்ண மூடி சத்தம் கேட்டு "எட்ட சுருக்காத"ன்னு அவங்களச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நாளைக்குக் காலைல முத வேலையா அவங்ககிட்ட சொல்லணும். நீங்க ஸ்டீல் டேப்பே வச்சுக்கங்க.

29 செப்டம்பர்

ஸ்பைக்ஸ், அதாவது அடியில ஆணி வச்ச ஷூ பத்தி. வெறுங்கால்ல ஓடின கதைய நாம பெருமையாப் பேசறோம், நானும் மேல ஆரம்பத்துலயே எழுதியிருக்கேன். மண்ணுல வெறுங்கால் பரவாயில்ல. சிந்தெடிக் டிராக்ல மத்தியான வெயில்ல வெறுங்கால்ல ஓடினா அடிப்பாதம் கொப்புளிச்சு தோல் உரிஞ்சு வந்துரும், பாத்திருக்கேன். பழகாத புது ஷூவ மீட் அன்னைக்குப் போட்டு விடறதும் தப்பு, பத்து நாளாவது முன்னாடி கொடுத்து பழக்குங்க. சிந்தெடிக்ல ஓட்டத்துக்கு ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது, 6 போதும்.

எங்ககிட்ட ஒரு இரும்புப் பெட்டி இருக்கு. ஃபைனல் இயர் முடிச்சுப் போற பொண்ணுங்க அவங்க ஸ்பைக்ஸ தொடச்சு அதுல வச்சுட்டுத்தான் போவாங்க, உள்ள ஒரு பேப்பர்ல சைஸும் ஓடின ஈவென்ட்டும் எழுதி. சைஸ் 4, சைஸ் 5 எங்களுக்குத் தேவைக்கு மேல கிடக்கு. உங்க பதினொரு பேர் கால் அளவ இன்னைக்கு ராத்திரிக்குள்ள எழுதி அனுப்புங்க, மதுரை பஸ்ல கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பி விடறேன். மழைக்கு முன்னாடி வந்துருச்சுன்னா பழக டைம் இருக்கும்.

சைஸ் 5ல ஒண்ணு ரோஸ் கலர், இடது ஷூ ஓரத்துல மல்லிக் காம்புக் கறை இன்னும் இருக்கும். அத 400 ஓடற பொண்ணுக்குக் கொடுங்க. 400 மட்டும்.